வைரப் பாறையின் பங்காளி

கல் அரைக்கிறவன் என்று சொன்னால் அந்தக் காலத்து மலாயாவின் ஈப்போவில் சிரிப்பார்கள். ஈயம் தோண்டுகிறவனுக்கு மரியாதை உண்டு. ஈயம் வாங்குகிற சீனத் தவுக்கே முதலாளிக்கு அதைவிட மரியாதை. ரப்பர்ப் பாலுக்காகக் கித்தா மரம் வெட்டுகிறவனைக்கூட நாலு பேருக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? பாறைத் துண்டை இரும்புத் தட்டில் வைத்து, சாணைத் தூளும் தண்ணீரும் விட்டு, அதற்குள் வெளிச்சம் நுழைகிற வரைக்கும் தேய்த்தேன். "என்ன மச்சான், மாவரைக்கக் கிளம்பிட்டியா?" என்று சிலிபின் வட்டாரத்தில் என் வீட்டுப் பக்கத்து ரயில்வே ஆட்கள் காலையில் கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவேன்.

வேலை ஒரு வெள்ளைக்காரத் துரையிடம். கிந்தா ஆற்றங்கரை ஓரம் பழைய கடைவீடு ஒன்றை எடுத்து, பாறைகளைப் பரிசோதித்துப் பெயர் சொல்வதைத் தொழிலாக வைத்திருந்தார். ஊர் அதைக் 'கல்லு ஆபீஸ்' என்றது. சுரங்கக்காரர்கள் கல்லைக் கொண்டுவருவார்கள். நான் அதைச் சீவித் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். துரை ஜன்னலோரம் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன பாறை, இதில் ஈயம் வரும், வராது என்று சொல்வார். மைக்ராஸ்கோப்புக்கு வெயில்தான் விளக்கு. மேகம் மூடினால் எங்கள் கண்ணும் மூடிக்கொள்ளும். பிற்பகல் மழை வந்ததும் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

கித்தாவுக்கு நல்ல விலை வந்திருந்த நேரம் அது. தோட்டங்களில் கூலியாட்கள் குடியிருக்கப் புதுசு புதுசாக லயங்கள் கட்டினார்கள். புது லயத்துக்குப் புதுக் கிணறு வெட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு தோட்டத்திலிருந்து, சுங்காய்ப் பக்கம், ஒருவர் ரயிலேறி வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய ஆள். முகத்தில் மழிக்காத தாடி. துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த கல்லை என் மேசையில் மெல்ல இறக்கினார். தேங்காய் அளவு இருக்கும். கருநீலம். உடம்பெல்லாம் காக்காப்பொன் மினுமினுத்தது. ஒரு பக்கம் மஞ்சள் பூசியிருந்தது, புளித்த பால் வாடை வேறு.

"என்னண்ணே, கோயில்லேருந்து சாமியத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாமி இல்ல தம்பி. வெறும் கல்லுதான்லா."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மஞ்சளையும் பாலையும் நானே வாளித் தண்ணீரில் கழுவி விட்டேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தொழிலில் நான் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

அவர் இளவயதில் ஆப்பிரிக்காவுக்குப் போய் வைரச் சுரங்கத்தில் மண் தள்ளியவராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் நிமிர்ந்தது. "அங்க மேல மஞ்ச மண்ணு தம்பி. அதுக்குக் கீழ நீல மண்ணு. அதுக்கும் கீழ கெட்டிப் பாறை. நீல மண்ண வெட்டியெடுத்து வெட்டவெளியில பரப்பிப் போடுவாங்க. வெயிலும் மழையும் பட்டுத் தானா உதிரும். அப்புறம் அலசுவாங்க, அதுலதான் வைரம். எங்க லயத்துக் கிணத்துலயும் அதே வரிசை. மஞ்ச, நீலம், பாறை. அச்சு அசல்!"

"கெணத்துலேருந்து இன்னும் நாலு துண்டு கொண்டாங்களேன்."

"கெணறு மூடியாச்சு."

"தண்ணி வர்றதுக்கு முன்னாலயேவா?"

"மூடச் சொல்லிட்டாங்க தம்பி. இது ஒண்ணுதான் மிச்சம்." அடுத்த வாரம் வந்து முடிவைக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்துபோனார்.

துரைக்கு அந்தக் கல்லைக் கண்டதும் பசி தூக்கம் போய்விட்டது. வைரம் சுமக்கும் பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர். பூமியின் அடி ஆழத்தில் உருகிய குழம்பு, மேலே உள்ள பாறையை எல்லாம் துளைத்துக்கொண்டு குழாய் போல ஏறி வந்து உறையும். வைரம் அந்தக் குழம்பிலேயே விளைகிறதா, இல்லை எங்கோ கீழே இருந்ததை அது வாரிக்கொண்டு வருகிறதா என்று படித்தவர்கள் அப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் அப்படி ஒரு பாறையை யாரும் கண்டதில்லை. துரை கல்லை இரண்டாக உடைக்கச் சொன்னார். ஒரு பாதியைத் தன் அலமாரியில் வைத்தார். இன்னொரு பாதியை என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பாதியில் பெரும்பகுதியை உரலில் இடித்துத் தூளாக்கி, தட்டில் போட்டு அலசினேன். கிம்பர்லைட் என்றால் மாதுளை முத்து நிறத்தில் சிறு மணிகள் அடியில் தங்கும். ஒன்றுகூடத் தங்கவில்லை. கலங்கிய தண்ணீர் பின்பக்கச் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போனது. மிச்சமிருந்த துண்டில் ஒரு சில்லு எடுத்து, ஒரு பக்கம் சமமாக்கி, பிசின் காய்ச்சிக் கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தைத் தேய்த்தேன். கருங்கல் போல இருந்தது மெல்ல மெல்லத் தேநீர் நிறத்துக்கு வந்தது. கடைசியில் அதன் வழியாக என் விரல் தெரிந்தது.

தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து நான்தான் முதலில் பார்த்தேன். காக்காப்பொன் தகடுகளுக்கு ஒரு குணம் உண்டு. அடியில் உள்ள வட்டத்தைத் திருப்பினால் பழுப்பு நிறம் இருண்டு கறுக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி வெளுக்கும். கண் மூடித் திறக்கிற மாதிரி. ஆயிரம் கல்லில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தேன், திருப்பினேன், மூடியது, திறந்தது. ஒரு சிலிர்ப்பு இல்லை, ஒரு சகுனம் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குக் குலை நடுக்கம். யார் என்று தெரியாமலே அத்தனை நேரம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துரை வந்து குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. நிறம் சரி, காக்காப்பொன் சரி, ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் அழுகிக் கிடந்ததும் சரி. ஆனால் இவற்றின் நடுவே, சந்துபொந்தெல்லாம் அடைத்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாய் மெல்லிய கம்பிகள். ஃபெல்ஸ்பார். சாதாரணக் கருங்கல்லில் கூடை கூடையாய் இருக்கும் சரக்கு. கிம்பர்லைட்டில் அது இருக்கவே இருக்காது. ஃபெல்ஸ்பார் தெரிந்தால் இது வேறு குடும்பம், லாம்ப்ரோஃபயர் என்று பெயர். வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுவும் மேலே மக்கி மஞ்சளாகும், கீழே நீலமாய்க் கிடக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது. சாயல் ஒன்று, நிறம் ஒன்று, பங்காளி மாதிரி. ஆனால் சொத்தில் பங்கு கிடையாது. கல்லுக்குள்ளும் இந்தக் கருமம் பிடித்த குலம் கோத்திரம் உண்டா என்று எரிச்சலாய் வந்தது. துரைக்கோ ஏமாற்றமே இல்லை. அந்தக் குடும்பத்திலும் இது எந்தக் கிளை என்று தீர்க்கமாய்த் தெரியவேண்டுமாம். அலமாரியில் இருந்த பாதியைப் பெட்டியில் வைத்து ஆணியடித்து, சீமையில் இருந்த தன் பழைய வாத்தியாருக்கு அனுப்பிவைத்தார். பெட்டி பினாங்கு போய்க் கப்பலேறியது.

அடுத்த வாரம் அந்தத் தாடிக்காரர் வருவதற்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். இடுப்பில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பசியாறினாயா என்று கேட்கக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை. முந்தானையை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்து என் மேசையில் டொக்கென்று வைத்தாள். சப்பையான சாக்கடைக் கல். அதிலும் மஞ்சள் பூசியிருந்தது.

"இது யாரு கல்லுண்ணே?" என்றாள். "சொல்லுங்க. இதுக்குத்தான் நான் பால் ஊத்திக்கிட்டிருந்தேன். இது யாரு?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தங்கச்சி, மொதல்ல உக்காரும்மா" என்றேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவள் புருஷன்தான் அந்தக் கிணற்றில் இறங்கி வெட்டியவன். அடியில் பாறை தட்டுகிறது என்று கத்தியிருக்கிறான். ஒரு கூடைக் கல்லை மேலே ஏற்றி விட்டிருக்கிறான். அடுத்த கூடை வரவில்லை. கயிற்றை ஆட்டினார்கள், கூப்பிட்டார்கள். கிணற்றடியில் கெட்ட காற்று. மேலே தூக்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையாம். அன்றைக்கே கிணற்றை மூடிவிட்டார்கள்.

செத்தவருக்குக் கல் ஊன்றுவது எங்கள் வழக்கம். கருமாதி வரைக்கும் உயிர் அந்தக் கல்லில் தங்கியிருக்கும் என்பார்கள். தண்ணீர்க் கரையில் அதை நட்டு, மஞ்சள் பூசி, பால் ஊற்றி, சோறு வைப்பார்கள். கருமாதி அன்று கல்லை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். அப்போதுதான் போகிறவருக்கு வழி திறக்கும். இவள் பிடிவாதமாய், அவன் கடைசியாக ஏற்றிவிட்ட கூடையிலிருந்த கல்லைத்தான் ஊன்ற வேண்டும் என்று சொல்லி ஊன்ற வைத்திருக்கிறாள்.

"பால் ஊத்துனா அது மின்னும்ணே. அவரே பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாளு பால் ஊத்துறேன், மின்னல. மறுநாளும் மின்னல. அவரு கோவிச்சுக்கிட்டாரோன்னு நெனச்சேன். எம்மேல என்ன கோவம்னு கேட்டுக் கேட்டு அழுதேன்ணே, இந்தச் சாக்கடைக் கல்லுக்கிட்ட!" அவள் அந்தக் கல்லை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். "எம் புருசனோட அண்ணன் மாத்தி வச்சிட்டாரு. அவரு பொண்டாட்டிதான் சொன்னாங்க, இங்க குடுத்திருக்கறதா. நாளைக்குக் கருமாதி. என் கல்லக் குடுங்க, நான் போறேன்."

எனக்கு எங்கே கோபப்படுவது என்று தெரியவில்லை. உரல் என் பின்னால் இருந்தது. தட்டு மூலையில் இருந்தது. உயிர் கல்லில் தங்குமா, தங்காதா? நான் அப்படியெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. கோயில் வாசலில் நின்று வாதாடியவன் நான். ஆனால் அந்த உரலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தாடிக்காரர் உள்ளே வந்தார். அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவளும் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். புருஷனின் அண்ணனோடு நேராகப் பேசுகிற வழக்கமில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்: "எதுக்கு இப்படிச் செஞ்சாருன்னு கேளுங்கண்ணே."

"நீங்களெல்லாம் மனுசனாண்ணே?" என்று நான் கத்தினேன். "வெறும் கல்லுதான்னு எங்கிட்டச் சொன்னீங்களே, வாய் கூசலையா?"

அவர் சண்டைக்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினார். "வைரம்னா அது அவன் கண்டது தம்பி. அவன் பேரு நிக்கும். அவம் புள்ள விடியக்காலம் கித்தா வெட்ட ஓட வேணாம். தண்ணியில விட்டா என்ன கெடைக்கும் சொல்லுங்க? அதுக்குத்தான்லா." பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்கிறவர் போல, "என்ன ஆச்சு?" என்றார்.

"வைரப் பாறை இல்லண்ணே. பார்க்க அது மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"துரையே பாத்தாரு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப எந்தம்பி ஒண்ணுமில்லாத கல்லுக்கா செத்தான்?"

"தண்ணிக்குச் செத்தாருண்ணே," என்றேன். "கெணறு வெட்டுனது தண்ணிக்குத்தானே." கோபத்தில் சொன்னேன். ஆனால் அதைக் கேட்டதும் அவர் தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அந்த மனுஷன் அதுவரை அழவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். தோட்டத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், அரைகுறைத் தமிழ் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. உள்ளே போய்க் கண்ணாடித் தகட்டையும், தேய்த்து மிஞ்சிய துண்டையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். துண்டு மாங்கொட்டை அளவுதான் இருந்தது.

அவள் துண்டைத் தொட்டாள். தகட்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். அதன் வழியாக அவள் முகத்தில் ஒரு பழுப்பு நிழல் விழுந்தது. "இவ்வளவுதானா?" என்றாள். "மத்ததெல்லாம் எங்கண்ணே?"

இடித்ததைச் சொன்னேன். அலசியதையும் சொன்னேன். சாக்கடை ஆற்றுக்குப் போகிறது என்று கையைக் காட்டினேன். காட்டிய கையை அப்போதுதான் நானே பார்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் நீலச் சாம்பல் நிறத்தில் அழுக்கு. அந்தத் தூள் லேசில் போகாது. அந்தக் கையால்தான் ஒரு வாரமாய்ச் சோறு பிசைந்து தின்றேன். கையை மறைத்துக்கொண்டேன். இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது ஒருமுறை நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். என் பெண்டாட்டி கேலி செய்வாள், செய்யட்டும்.

"ஆத்துலதான் போச்சா? அப்ப சரிண்ணே," என்றாள் அவள். "போய்ச் சேர்ந்திருக்கும். எல்லாம் அவ்வளவுதானே?"

துரை என்னைப் பார்த்தார். அவள் கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "பாதிக் கல்லு இங்க இல்ல தங்கச்சி. துரையோட வாத்தியாருக்கு அனுப்பியாச்சு. கப்பல்ல போகுது."

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கப்பல்லயா? நாகப்பட்டினத்துக்கா? அங்க அவரு ஆத்தா இருக்குண்ணே! ஒருதரமாவது கப்பலேறிப் போயிப் பாத்துரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"நாகப்பட்டினம் இல்லம்மா. சீமைக்கு."

"சீமைக்கா?"

"ஆமா."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பையன் விழித்துச் சிணுங்கினான், அவள் கவனிக்கவில்லை. "அய்யய்யோ," என்றாள் மெதுவாக. "அவருக்கு அங்க யாரையும் தெரியாதேண்ணே."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதித் திருப்பி வாங்கித் தருகிறேன் என்று உடைந்த தமிழில் சொன்னார். அவர் நல்ல மனிதர்தான், எழுதவும் எழுதினார். ஆனால் அந்தக் கல் கடைசி வரை திரும்பவில்லை. ஆப்பிரிக்கக் கற்களுக்குப் பக்கத்தில், பார்க்க அது போலிருக்கும், ஆனால் அது இல்லை என்று சொல்வதற்காக ஓர் அலமாரியில் வைத்துக்கொண்டார்களாம்.

அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. துண்டையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஆற்றுக்கு இறங்கினாள். "நாளைக்குக் கருமாதி தோட்டத்துலதானே, அங்க ஓடை இருக்கே" என்று நான் பின்னாலேயே ஓடினேன். "மத்தது இதுலதானே போச்சு? பிரிச்சுப் பிரிச்சு எங்கண்ணே விடுறது?" என்றாள். இந்தக் காரியத்தை ஆண்பிள்ளை செய்வதுதான் முறை. தாடிக்காரர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் துண்டைக் கொடுக்கவில்லை, பையனைத்தான் அவர் கையில் கொடுத்தாள்.

ஈய அலசல் மண் கலந்து ஆறு பால் கலந்த தேநீராய்ப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் வரை இறங்கி நின்றாள். பால் இல்லை, மஞ்சள் இல்லை, மந்திரம் இல்லை. கையில் இருந்ததோடு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"இங்க பாருங்க. உங்கள்ல பாதி சீமைக் கப்பல்ல போகுது. தெரியாம அனுப்பிட்டாங்க, யாரையும் கோவிச்சுக்காதீங்க. இந்த ஆறு கடலுக்குத்தான் போகும். நீங்க நேராப் போயி மொதல்ல அதைக் கூட்டிக்கிடுங்க. வழி தெரியாட்டி கப்பல்காரங்களக் கேளுங்க, வெக்கப்படாதீங்க. ரெண்டு பேருமா ஆத்தாவப் போயிப் பாத்துட்டு, அப்புறம் போக வேண்டிய எடத்துக்குப் போங்க." துண்டை ஒருதரம் தண்ணீரில் நனைத்தாள். "இங்க திரும்பி வராதீங்க. நானும் புள்ளையும் இருந்துக்கிறோம்."

கையிலிருந்ததைத் தண்ணீரில் விட்டாள். விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போகிறவருக்குக் கால் நகராது என்பார்கள். எங்கள் ஜனங்களில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். அவள் நேராகக் கரை ஏறினாள். கடைசிப் படியில் நின்றாள்.

நின்று, திரும்பிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. நானும் பார்த்தேன்.